நீங்கும் காரணம்

மாற்றுச் சான்றிதழில் ‘பள்ளியை விட்டு நீங்கியதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு விரல்கடை அகலம். இருபது வருஷமாக அந்தக் கட்டத்தை நிரப்பி வருகிறேன். பெரும்பாலும் அதில் மூன்று விடைகள்தாம் விழும்: ‘படிப்பு முடிந்தது’, ‘மேற்படிப்புக்காக’, ‘பெற்றோர் விருப்பம்’. இந்த மூன்றாவது விடையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை. ஆசிரியர் சங்கத்தில் சந்தா கட்டும் உறுப்பினராகச் சேர்ந்து, இப்போது கிளைப் பொருளாளர். மேடவாக்கத்தில் வாடகை வீடு. பள்ளி ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மூன்றும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வந்து முட்டி நின்றதை 2018 ஜூனில் பார்த்தேன். அதைச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் தலைகளை எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதலில் வந்த பிள்ளைக்கு ‘வேத்தான்’ என்று பெயர். உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் இதைச் சொல்லியிருக்கிறார். யார் முதலில் வந்தான் என்பது வாத்தியாருக்குத் தெரிந்தால் போதும். எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் கேட்க மேலே ஒருவரும் இல்லை. வாத்தியாருக்கு வரவேண்டியது பிள்ளையின் வீட்டிலிருந்து வந்தது, நெல்லாகவோ காசாகவோ. ஒரு பிள்ளை நின்றுபோனால் அந்த வீட்டு வாசலுக்குப் போய் ஏன் என்று கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. எண்ணிக்கையைவிடக் காரணமே அவருக்கு முக்கியம்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும், மணலில் விரலால் எழுதிப் பழகுவதும் அந்தத் திண்ணைகளின் முறை. எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைக் கவனித்துத் தம் பள்ளியில் கையாண்டார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் அது பரவியது. ஓர் ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதுதான் அங்கே அதற்கு இருந்த மவுசு. ஆசிரியருக்கு எத்தனை பிள்ளை என்ற கேள்வி, இப்படி எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிக்கொண்டே உலகம் சுற்றியிருக்கிறது.

அடுத்து வந்தது மானியம். 1855-ல் சென்னை மாகாணத்துக்குப் பொதுக்கல்வி இயக்குநர் என்ற பதவி வந்தது. கல்லூரிச் சாலைக் கல்வித் துறை வளாகத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் பெயர் வைத்த பிறகும் எங்களில் பலர் அதை ‘டிபிஐ’ என்று அழைப்பது அந்தப் பதவியின் ஆங்கிலச் சுருக்கத்தால்தான். 1860-களில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறையும் வந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம். அன்றைக்குத்தான் பிள்ளை ரூபாய் அணாவாகப் பதிவேட்டில் ஏறியது என்பேன். எண்ணிக்கை குறைந்தால் மானியம் குறையும். ஏன் குறைந்தது என்று கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

ஆனால் இதே ஊர் ஒரு தடவை காரணத்தைத் தேடிப் போயிருக்கிறது. அதை நான் பெருமையோடு வகுப்பில் சொல்வதுண்டு. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. பிள்ளைகள் வராததற்குப் பசிதான் காரணம் என்று ஒரு நகரசபை கண்டுபிடித்து, அந்தக் காரணத்துக்கு மருந்து போட்டது. பின்னால் 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பரில் காலை உணவு என்று வளர்ந்ததற்கெல்லாம் வித்து, வெற்றுக் கட்டத்தைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்ட அந்த ஒரு கூட்டம். பசி என்ற விடை தொண்ணூறு வருஷத்துக்கு மேல் எங்களைத் தாங்கியது. என் காலத்தில் விடை மாறிவிட்டது. இப்போது பிள்ளை வராததற்குக் காரணம் வீடு.

ஆசிரியர்கள் அல்லாதவர்களுக்காக ‘ஆகஸ்ட் 1’ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து, எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று நிர்ணயம் செய்வார்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35-க்கு ஒருவர் என்று சொல்கிறது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’. உபரியை வேறு பள்ளிக்கு அனுப்புவதற்குப் ‘பணி நிரவல்’ என்று பெயர். கணக்கில் தவறில்லை. பிள்ளை இல்லாத இடத்தில் ஆசிரியர் இருந்து என்ன செய்வது? நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பிள்ளை ஏன் குறைந்தது என்ற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. குறைந்தால், பள்ளி சரியில்லை, ஆசிரியர் சரியில்லை, ஊரெல்லாம் இங்கிலீஷ் மீடியம் போகிறது என்று மூன்று சமாதானம் தயாராக இருக்கும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் நான்காவது காரணம் யார் கண்ணிலும் படுவதில்லை.

நான் முதலில் வேலை பார்த்த பள்ளி கூவம் கரைக்குப் பக்கத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் இடது ஓரம் சேர்க்கை எண், பெயர். பிறகு வரிசையாக முப்பத்தொரு கட்டம். காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ச்சாய்கோடு. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி. வராதவர்களுக்கு ‘அ’. இன்றைக்குக் கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையப் பதிவில் விரலால் தட்டினாலும், மையால் போட்ட கோட்டைத்தான் என் கை நம்புகிறது. தாமதமாக வருகிறவர்களுக்கு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. வந்துவிட்டால் புள்ளிமேல் கோடு. வராவிட்டால் அழித்துவிட்டு ‘அ’. அது எந்த விதியிலும் இல்லை. எனக்கு முன்னால் இருந்த டீச்சர் சொல்லிக்கொடுத்தது, அவருக்கு யார் சொன்னார்களோ.

2017 டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, கரையோரக் குடியிருப்பு ஒன்றை எடுத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு இரண்டு கரைகளிலும் அந்த வேலை வேகமெடுத்திருந்தது. ஆறு சுத்தமாக வேண்டும், வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது இவர்கள் வீடுதான், உண்மை. அந்த வெள்ளத்தில் என் பிள்ளைகள் இரண்டு ராத்திரி பள்ளி மாடியில் படுத்திருந்தார்கள். கரையிலேயே இருக்கட்டும் என்று எந்த மனசோடு சொல்வேன்? நான் கேட்பது எங்கே, எப்போது என்ற இரண்டைத்தான்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக்கொடுப்பது பெருவழக்காக இருந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் அந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். அந்தத் தெருப் பள்ளிகளுக்குப் பிள்ளை தந்தவை அவை. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று வீடுகள் ஊருக்கு வெளியே போயின. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேல் வீடுகள். பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் அதன்மேல் ஏழு மாடியுமாக வரிசை வரிசையான கட்டடங்கள். மயிலாப்பூரில், சிந்தாதிரிப்பேட்டையில் பாத்திரம் தேய்க்கப் போகிற அம்மாவுக்கு வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால். 2021 மே மாதம் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் அவர்கள் முகத்தில் தெரிந்த ஆசுவாசத்தை நான் பேருந்துக்குள்ளேயே பார்த்தேன். ‘கண்ணகி நகர்’ என்ற முகவரிக்காகவே வேலை மறுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் இருந்த கார்த்திகாவை, ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே ஊர் சொன்னது. எங்கள் பிள்ளைகள் அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார்கள்.

திரும்ப 2017-க்கு. குடியிருப்பை எடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதும் என் வகுப்பில் ஒன்பது பெயர் ஆடியது. இடம் மாறியவர்கள் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துகொள்ளலாம். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்று, எட்டாம் வகுப்பு வரைக்கும், கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் பாதி ஆண்டு போன பிறகு, தெரியாத பள்ளியில் போய் உட்கார எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? ஆண்டு முடியும்வரை பழைய பள்ளிக்கே வருகிறோம் என்றார்கள். மேடவாக்கத்தில் காலை ஆறே முக்காலுக்கு நான் ஏறும் பேருந்தில், பெரும்பாக்கத்திலிருந்து ஏற்கெனவே ஏறி நின்றுகொண்டு அவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

அந்த நாலு மாதத்தை நான் மறக்க மாட்டேன். எனக்கு உட்கார இடம் பிடித்து வைப்பார்கள். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். வேளச்சேரி தாண்டியதும் பேச்சு அடங்கிவிடும். ஒரு பெண் கம்பியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு, ஒரு கையில் கணக்கு நோட்டும் ஒரு கையில் பென்சிலுமாக, பேருந்து சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஒரு வரி எழுதுவாள். சிவப்பு விழுந்தால் ஒரு வரி. பச்சை விழுந்தால் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். பிரேக் போட்டதில் ஒரு நாள் பென்சில் முனை உடைந்து, என் பேனாவைக் கொடுத்தேன். ‘கணக்குல பேனா போட்டா சார் திட்டுவாரு மிஸ்’ என்றாள். நெரிசல் அதிகமான நாட்களில் நாங்கள் எல்லோருமே முதல் மணிக்குப் பிறகுதான் போய்ச் சேர்வோம். என் தாமதத்துக்கு ஊழியர் பதிவேட்டில் ஒரு குறிப்பு விழும். அவர்களுக்குப் பென்சில் புள்ளி.

மார்ச்சில் ஒன்பது புள்ளிகள் ஆறாகக் குறைந்தன. ஆண்டு முடிந்ததும் அம்மாக்கள் சான்றிதழ் கேட்டு வந்தார்கள்.

ஆகஸ்ட் 1 கணக்கில் எங்கள் பள்ளிக்குச் சமூக அறிவியலில் ஒரு பணியிடம் உபரி என்று வந்தது. பணியில் இளையவள் நான். ஒரு மனுஷியைப் பார்த்து ‘நீ உபரி’ என்று சொல்வதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடிப்பது லேசான காரியம் இல்லை. பள்ளியில் எல்லோருக்கும் வருத்தம்தான். ஆனாலும் அதற்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இந்த வருஷம் நான் இல்லை, அவள்தான் என்ற நிம்மதி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட அரசியல் என்று வெளியே பேசுகிறவர்கள் தலைமை ஆசிரியர் பதவி, கால அட்டவணை, யார் பக்கம் யார் என்பதையெல்லாம் சொல்வார்கள். உள்ளே இருந்து பார்த்தால் அதன் வேர் இந்த நிம்மதியில் இருக்கிறது. ஆளுக்கொரு பயத்தைக் கொடுத்துத் தனித்தனியாக உட்காரவைத்தால், ஓய்வறை தானாகவே பிரிந்துவிடும்.

எங்கள் ஓய்வறையில் அப்போது நாலு வகை ஆசிரியர்கள். 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்து பழைய ஓய்வூதியம் உள்ளவர்கள். அதற்குப் பின் சேர்ந்து மாதாமாதம் பத்து சதவீதம் பங்களிப்பு கட்டும் என் போன்றவர்கள். 2012-ல் ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் ஒருவரான ஓவிய ஆசிரியர். பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுத்த ஒரு தற்காலிக டீச்சர். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது வகையும் உண்டு. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய், மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே கரும்பலகை.

தேநீர்க் கணக்கு மட்டும் எல்லோருக்கும் சமம். வாசல் கடையிலிருந்து ஃபிளாஸ்க்கில் வரும்; மாதக் கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்போம். ஒரு மாதம் ஓவிய ஆசிரியர் ‘எனக்கு டீ வேணாம் சார், வயிறு சரியில்ல’ என்றார். அடுத்த மாதமும் வயிறு சரியில்லை. அவருக்கு அப்போது எட்டாயிரத்துக்கும் குறைவான சம்பளம், மே மாதம் அதுவும் கிடையாது. தமிழய்யா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத்தாளில் புதுக் கணக்கு எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். சம்பளத்துக்குத் தக்க பங்கு. மிகக் குறைந்த சம்பளத்துக்கு எதிரே ஒரு சின்னக் கோடு, தொகை இல்லை. ஓவிய ஆசிரியர் அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்தார். சங்கம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தத் தாளைத்தான் சொல்வேன்.

அந்தத் தமிழய்யா 2003-ஐப் பார்த்தவர். அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களும் ஆசிரியர்களும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவின் கீழ் ஒரே மூச்சில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. பெரும்பாலானவர்கள் நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதிக்கொடுத்துத்தான் திரும்பினார்கள். ஐயா தாம் எழுதிய மன்னிப்புக் கடிதத்தின் கார்பன் படியை எல்.ஐ.சி. பத்திரங்களோடு சேர்த்து வைத்திருந்தார். ஒரு தடவை காட்டினார். கையெழுத்து மட்டும் அவருடைய வழக்கமான கையெழுத்து மாதிரி இல்லை. ‘எழுதும்போது கை வேறயா போச்சும்மா’ என்றார். அதற்குப் பிறகும் அவர் ஒரு மாதம்கூடச் சந்தா கட்டத் தவறவில்லை.

நான் 2019-ஐப் பார்த்தவள். ஜனவரி 22 முதல் 30 வரை, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம். ஒன்பது அம்சக் கோரிக்கையில் பழைய ஓய்வூதியமும் சம்பள நிலுவையும் இருந்தன. தொடக்கப் பள்ளிகளை மூடுவதையும் இணைப்பதையும் நிறுத்தச் சொன்ன கோரிக்கையும் இருந்தது. தெருவுக்குக் கேட்டது சம்பளம் மட்டும்தான். மறியலுக்குக் கிளம்பிய காலையில் ஆட்டோக்காரர் ஒருவர், ‘எம் பொண்ணு பத்தாவது டீச்சர். மார்ச்சுல பரீட்ச. நீங்க ரோட்டுக்குப் போனா அவ எங்க போவா?’ என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இழந்த நாட்களைச் சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டுவோம் என்றேன், பின்னால் ஈடுகட்டவும் செய்தேன். ஆனாலும் அன்றைக்கு எனக்குத் தோன்றியது இன்றும் மாறவில்லை: அவருடைய மகளைப் பற்றி மற்ற நாட்களில் நாங்கள் உரக்கப் பேசியிருந்தால், அந்த ஒரு நாளில் அவர் எங்களைச் சந்தேகித்திருக்க மாட்டார்.

கைது செய்து ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். சென்னையில் போராடியவர்கள் எல்லோருக்கும் ஒரு கல்யாண மண்டபமாவது தெரிந்திருக்கும். மதியம் எலுமிச்சை சாதம், சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதலை. நடுவில் நீண்ட பகல். மணமேடை ஓரத்தில் ஒரு டீச்சர் பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். பேச்சு வழக்கம்போல் ‘உங்க ஸ்கூல்ல எவ்ளோ ஸ்ட்ரெங்த்’ என்று போயிற்று. என் ஒன்பதாம் வகுப்பில் பத்தொன்பது பேர் என்றேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், ‘எனக்கு எழுபது. பெஞ்சு பத்தாம தரையில உக்காருதுங்க’ என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் என்றார். எந்தப் பிள்ளைகள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. என் பத்தொன்பதும் அவருடைய எழுபதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். இங்கே நான் உபரி, அங்கே அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. பிள்ளைகளை லாரியில் ஏற்றி அனுப்பியது டிசம்பரில். ஆசிரியரை எண்ணியது ஆகஸ்டில். இரண்டு வேலையையும் செய்தது வேறு வேறு துறை.

அந்த ஆண்டே நிரவலில் நான் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு வந்தேன். மற்றவர்கள் தூரம் என்று தவிர்த்த இடம். எனக்கு வீட்டுக்குப் பக்கம்.

2022 ஜூனில் எங்கள் கிளைச் செயற்குழு கூடியது. அதற்கு முந்தைய மாதம்தான் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்திருந்தார்கள். பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். ஒருவர் தீக்குளித்து இறந்தே போனார். நான் ஒரு தீர்மானம் எழுதி எடுத்துப் போனேன். கல்வியாண்டு நடக்கும்போது பள்ளிப் பிள்ளைகள் உள்ள எந்தக் குடியிருப்பையும் பெயர்க்கக் கூடாது. பெயர்க்கத்தான் வேண்டும் என்றால் மே மாதத்தில், தேர்வு முடிந்த பிறகு. பிள்ளைகள் போகும் இடத்துக்கு அவர்களோடேயே ஆசிரியர் பணியிடமும் போக வேண்டும், அடுத்த ஆகஸ்டுக்குக் காத்திருக்கக் கூடாது. இதுதான் சாரம்.

மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். கெட்டவர் இல்லை; 2019 வேலைநிறுத்தத்துக்காக 17(பி) குற்றக் குறிப்பாணை வாங்கியவர். ‘டீச்சர், பென்ஷனுக்கே பத்தொன்பது வருஷமா நிக்கிறோம். வீடு இடிக்கிறது நம்ம சங்கத்து சப்ஜெக்டா?’ என்றார். பலர் தலையாட்டினார்கள். நான் வாதம் எதுவும் செய்யவில்லை. 2018 ஜூனில் நடந்ததைச் சொன்னேன்.

பழைய பள்ளியில் ஒன்பது மாற்றுச் சான்றிதழும் நான்தான் எழுதினேன். ‘பெற்றோர் விருப்பம்னே போடுங்க டீச்சர், வேற எழுதினா விளக்கம் கேப்பாங்க’ என்றார் ஹெச்.எம். சார். எட்டில் அப்படியே எழுதினேன். ஒன்பதாவது, பேருந்தில் சிக்னலுக்கு ஒரு வரி எழுதிய பெண்ணுக்கு. வாங்க வந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இன்னா போட்டுருக்கீங்கன்னு ஒருக்கா படிச்சுக் காட்டுங்க டீச்சர்’ என்றார். பெயர், பிறந்த தேதி, மச்சங்கள், நடத்தை நன்று, எல்லாம் படித்தேன். நீங்கும் காரணமும் படித்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: ‘நாங்க எப்ப டீச்சர் விரும்புனோம்?’

தாளை வாங்கிக்கொண்டு ஹெச்.எம். அறைக்குத் திரும்பிப் போனேன். அந்த அம்மா கேட்டதை அப்படியே சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலமாரியைத் திறந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து, என்னிடம் கொடுக்காமல் தாமே எழுதினார். ‘குடியிருப்பு அகற்றப்பட்டதால் இடமாற்றம்’. கட்டத்தில் இடம் போதாமல் கடைசிச் சொல் கீழ்க்கோட்டுக்கு இறங்கியது. கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த மூத்த தோழர், ‘கடைசி வரியில “அடுத்த ஆகஸ்டுக்குக் காத்திருக்காமல்”னு இருக்கே, அதை முதல் வரியாப் போடுங்க’ என்றார். தீர்மானம் நிறைவேறியது. மாவட்டக் கோரிக்கைப் பட்டியலில் அது இன்றைக்குக் கடைசிக்கு முந்தைய வரிசையில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதை வாசிக்கச் சொல்கிறேன்.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலராகப் போனேன். கற்பிப்பதைத் தவிர மக்கள்தொகைக் கணக்கு, பேரிடர், தேர்தல் இவற்றுக்கு மட்டும் ஆசிரியரை அனுப்பலாம் என்று கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவு வரையறுக்கிறது; இது தேர்தல். ஏழு மாடி ஏறி இறங்கினேன். ஆற்றங்கரை முகவரி போட்ட பழைய அட்டையை எடுத்து நீட்டியவர்கள் மாடிக்கு மாடி. அங்கே அவர்கள் பெயருக்கு எதிரே, இடம்பெயர்ந்தவர் என்று எழுதியிருப்பார்கள். இங்கே படிவம் 6 போட்டுப் புதிதாகச் சேர வேண்டும். டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலம் முழுக்க 97 லட்சம் பெயர் விடுபட்டிருந்தது. அதில் இறந்தவர்கள் உண்டு, இரட்டைப் பதிவு உண்டு. வீடு மாறியவர்களே அதிகம். ஏன் மாறினார்கள் என்ற கட்டம் அந்தப் படிவத்திலும் இல்லை.

அந்தப் பணி முடிந்து பள்ளிக்குத் திரும்பிய வாரம் ஒரு புதுச் சேர்க்கை வந்தது. ஏழாம் வகுப்புப் பையன், கையில் ஞெகிழிப் பை, பையில் பாதி ஈரமான புத்தகங்கள். கூடவே அப்பா. சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். ‘பெற்றோர் விருப்பம்.’ பையனை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு வந்து, அப்பாவைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன். சேர்க்கைப் பதிவேட்டில் கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. வழக்கமாக அது வெறுமையாகவே இருக்கும். பழைய பள்ளியை ஏங்க விட்டீங்க என்று கேட்டேன். அவர் சொன்ன ஒரே சொல்லை அப்படியே எழுதிக்கொண்டேன்.

‘இடிச்சிட்டாங்க.’